நினைவு தேயும் பெற்றோர்: கையெழுத்து மாறும் முன்

மாதத்தின் முதல் வாரத்தில் எந்த ஊர்க் கிளையிலும் நிகழக்கூடிய காட்சி இது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பணம் எடுக்கும் படிவத்தை நீட்டுகிறார். பல்லாண்டுகளாக ஒரே வடிவில் இருந்த அவருடைய கையெழுத்து இன்று பாதியில் நின்றிருக்கிறது. மறுபடியும் இட்டுத் தருமாறு கேட்கிறோம். இரண்டாவது கையெழுத்து முதலாவதை ஒத்திருக்கவில்லை. “மூன்று நாள்களுக்கு முன்னர்தான் இதே தொகையை எடுத்துச் சென்றீர்கள், ஐயா” என்று மெல்ல நினைவூட்டினால், “நான் இந்தப் பக்கமே வரவில்லையே” என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் அறிந்தவரையில் அவர் வரவில்லை. வெளியூரில் வாழும் மகளோ, தொலைபேசியில் அப்பா வழக்கம்போலவே பேசுவதாக எண்ணிக்கொண்டிருக்கிறார்.

மறதி நோய் ஒரு குடும்பத்தினுள் நுழையும்போது பெரும்பாலும் மருத்துவமனையின் வழியே நுழைவதில்லை. கணக்குப் புத்தகத்தின் வழியாகவும், கட்டத் தவறிய மின் கட்டணத்தின் வழியாகவும், இருமுறை வாங்கிய மளிகையின் வழியாகவும் நுழைகிறது. அதை எப்படி அடையாளம் காண்பது, அந்நோய் படிப்படியாக முதிரும்போது பெற்றோரின் பணத்தையும் மதிப்பையும் எவ்வாறு காப்பது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

மூப்பு வேறு, நோய் வேறு

டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் ஒரே நோயன்று. நினைவு, சிந்தனை, மொழி, முடிவெடுக்கும் திறன் ஆகியவை அன்றாட வாழ்வே இடர்ப்படும் அளவுக்குத் தளரும் நிலையைக் குறிக்கும் பொதுப்பெயர் அது. அதனை உண்டாக்கும் நோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். 1906 ஆம் ஆண்டில் செருமானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் ஒரு பெண்மணியின் நோய்நிலையை மருத்துவர் கூட்டம் ஒன்றில் எடுத்துரைத்தார். பின்னர் அவர் பெயரே நோய்க்கும் வழங்கலாயிற்று. மூளையின் இரத்தக்குழாய்கள் பழுதுபடுவதால் வரும் மறதி நோய் மற்றொரு வகை. நீரிழிவும் இரத்தக்கொதிப்பும் பரவலாக உள்ள நம் நாட்டில் இதனைப் புறக்கணிக்க இயலாது.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ 7.4 விழுக்காட்டினர், அதாவது சுமார் 88 இலட்சம் பேர், இந்நிலையில் வாழ்வதாக 2023 ஆம் ஆண்டில் வெளியான நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டுள்ளது. ஆயினும் “வயதானால் மறதி வரத்தானே செய்யும்” என்னும் ஒரு சொல்லால் பல குடும்பங்கள் தொடக்க ஆண்டுகளைக் கடந்துவிடுகின்றன.

மூக்குக்கண்ணாடியை வைத்த இடம் மறந்துபோவது மூப்பின் இயல்பு. கண்ணாடி எதற்கு என்பதே புரியாமல் போவது நோயின் குறி. அறிமுகமானவரின் பெயர் உடனே நாவில் வராமல், சற்றுப் பொறுத்து வருவது இயல்பு. 30 ஆண்டுகள் நடந்து பழகிய தெருவில் வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பது நோயின் குறி.

ஐயம் எழுந்தவுடன் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டியதற்கு வேறொரு காரணமும் உண்டு. தைராய்டு சுரப்புக் குறைவு, வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு, சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவையும் மறதி நோய்போலத் தோற்றமளிக்கும். இவை குணப்படுத்தக்கூடியவை. அல்சைமர் நோயை முற்றிலும் போக்கும் மருந்து இன்னும் இல்லை எனினும், சில மருந்துகள் சிறிது காலம் அறிகுறிகளைத் தணிக்கக்கூடும். எவ்வாறாயினும், நோயைத் தெரிந்துகொள்வதால் குடும்பத்துக்குக் கிடைக்கும் பெரும்பயன் காலம்.

பணத்தில் முதலில் தெரிவது ஏன்?

ஒரு காசோலையை நிரப்புவது எளிய செயலாகத் தோன்றும். ஆனால் அதற்கு நாளை நினைவுகொள்ள வேண்டும், தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுத வேண்டும், கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று கணிக்க வேண்டும், கேட்பவர் உரியவர்தானா என்று எடைபோடவும் வேண்டும். நினைவு, கணக்கு, தீர்ப்பு ஆகிய மூன்றும் ஒருங்கே வேலை செய்ய வேண்டியிருப்பதால், அவற்றுள் ஒன்று தளர்ந்தாலும் பண விவகாரத்தில் முதலில் வெளிப்படுகிறது. நோய் கண்டறியப்படுவதற்கு ஆறு ஆண்டுகள் முன்னரே கடன் தவணைகளைக் கட்டத் தவறுவது தொடங்கிவிடுவதை 2020 ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்று எடுத்துக்காட்டியது.

பிள்ளைகள் கவனிக்க வேண்டிய குறிகள் சில உண்டு. ஒரே கட்டணத்தை இருமுறை செலுத்துதல் அல்லது அடியோடு மறத்தல். ஏடிஎம் இரகசிய எண்ணை அட்டையின் மேலேயே எழுதிவைத்தல். சில்லறை எண்ணத் தடுமாறி, பணப்பையையே கடைக்காரரிடம் நீட்டுதல். வைப்புத்தொகை இரசீதுகளை அரிசிப்பானையிலும் தலையணை உறையிலும் ஒளித்துவைத்துப் பின்னர் அவை களவுபோயின என்று கலங்குதல். வாழ்நாள் முழுதும் சிக்கனமாக இருந்தவர் முன்பின் அறியாதவர்க்குப் பெருந்தொகை கொடுத்தல். இவற்றுள் ஒன்று ஒருமுறை நிகழ்ந்தால் அச்சம் வேண்டா. பல குறிகள் மீண்டும் மீண்டும் தோன்றினால் காத்திருக்கலாகாது.

தொடக்க நிலை: திறந்திருக்கும் கதவு

தொடக்க நிலையில் தந்தையோ தாயோ தம் விருப்பத்தைத் தெளிவாகச் சொல்ல வல்லவர்கள். சட்டமும் இதனை ஏற்கிறது. 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 12 ஆம் பிரிவின்படி, ஒப்பந்தம் செய்யும் வேளையில் அதனைப் புரிந்துகொண்டு, அது தம் நலனை எவ்வாறு பாதிக்கும் என்று சீர்தூக்கிப் பார்க்கக் கூடியவரே தெளிந்த மனத்தினர். ஆகவே மருத்துவர் நோயின் பெயரைச் சொன்ன அன்றே ஒருவருடைய உரிமை அற்றுப்போவதில்லை. கையெழுத்திடும் வேளையில் அவருக்குத் தெளிவு இருக்கிறதா என்பதே வினா. இந்தத் தெளிவு இருக்கும் ஆண்டுகளே குடும்பத்துக்குத் திறந்திருக்கும் கதவு. அது மூடுமுன் செய்ய வேண்டியவற்றைப் பார்ப்போம்.

முதலாவது, பட்டியல். எந்தெந்த வங்கியில் கணக்கு, எங்கெங்கே வைப்புத்தொகை, அஞ்சலகச் சேமிப்பு, காப்பீடு, பங்கு, பாதுகாப்புப் பெட்டகம், கொடுத்த கடன், வாங்கிய கடன் ஆகிய அனைத்தையும் பெற்றோரே சொல்லப் பிள்ளைகள் எழுதிக்கொள்ள வேண்டும். எங்கே என்ன இருக்கிறதென்று குடும்பத்தில் எவரும் அறியாமல் போனால், உரிமை கோரப்படாத வைப்புகளுள் அவையும் சேர்ந்துவிடும்.

இரண்டாவது, கூட்டுக் கணக்கு. நம்பத்தக்க துணைவரையோ பிள்ளையையோ கணக்கில் சேர்த்து, ‘எய்தர் ஆர் சர்வைவர்’ என்னும் முறையைத் தேர்ந்தால் இருவரில் எவரும் தனித்துக் கணக்கை இயக்கலாம். ‘ஃபார்மர் ஆர் சர்வைவர்’ என்பது வேறு. முதல்வர் உயிரோடிருக்கும்வரை அவர் ஒருவரே இயக்க முடியும். படிவத்தில் ஒரு சொல் மாறினால் பின்னர் குடும்பமே தவிக்க நேரும். கணக்காளருள் ஒருவர் முற்றிலும் தெளிவிழக்கும் நிலை வந்தால் கணக்கு எவ்வாறு நடைபெறும் என்பதையும் கிளை மேலாளரிடம் முன்னரே கேட்டுத் தெளிவது நலம். மத்திய அரசு ஓய்வூதியர்கள் குடும்ப ஓய்வூதியத்துக்கு உரிய தம் துணைவருடன் சேர்ந்த கூட்டுக் கணக்கில் ஓய்வூதியம் பெற இடமுண்டு.

மூன்றாவது, வாரிசு நியமனம். 2025 நவம்பர் 1 முதல் வைப்புக் கணக்குகளுக்கு நால்வர் வரை நியமிக்கலாம்; ஒரே நேரத்தில் பங்கு பிரித்தோ, ஒருவருக்குப்பின் ஒருவராகவோ அமைக்கலாம். ஆனால் இரண்டை மறக்கலாகாது. நியமனம் கணக்காளரின் மறைவுக்குப் பின்னரே பயன்படும். தந்தை நோயுற்றிருக்கையில் ‘நான்தான் நாமினி’ என்று வருபவருக்குப் பணம் தர வங்கியால் இயலாது. மேலும், நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவரே தவிர, அதனாலேயே உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. உச்ச நீதிமன்றம் 2010 ஆம் ஆண்டில் இதனைத் தெளிவுபடுத்தியுள்ளது. யாருக்கு எது என்பதை உயில்தான் சொல்ல வேண்டும்.

நான்காவது, உயில். தெளிந்த மனத்துடன் எழுதப்பட்டு, இரு சாட்சிகள் கையொப்பமிட்ட உயில் செல்லும். நோய் தொடங்கிவிட்டதெனில் அந்நாளில் அவர் தெளிவுடன் இருந்தார் என்று மருத்துவர் அளிக்கும் சான்றையும் பெற்று வைத்தால் பிற்காலப் பூசலுக்கு இடமிராது.

பவர் பத்திரம்: பலர் தவறும் இடம்

“அப்பாவிடம் பவர் பத்திரம் எழுதி வாங்கிவிட்டோம், இனிக் கவலையில்லை” என்று சொல்லும் பிள்ளைகளை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். ஒருவர் தம் சார்பில் செயற்பட மற்றொருவருக்கு அதிகாரம் அளிப்பதே பவர் பத்திரம். உடல் தளர்ந்து, மனம் தெளிவாக இருக்கும் காலத்தில் அது பெரிதும் உதவும். ஆனால் ஒப்பந்தச் சட்டத்தின் 201 ஆம் பிரிவு, அதிகாரம் அளித்தவர் மனத்தெளிவை இழக்கும்போது அந்த முகமை முடிவுறும் என்கிறது. எந்த நாளுக்காக அப்பத்திரம் எழுதப்பட்டது என்று குடும்பம் எண்ணிக்கொண்டிருக்கிறதோ, அந்த நாளிலேயே அது வலுவிழக்கிறது. வேறு சில நாடுகளில், மனத்தெளிவு போன பின்னும் நீடிக்கும் அதிகாரப் பத்திரத்துக்குச் சட்டம் இடந்தருகிறது. நம் நாட்டில் அத்தகைய ஏற்பாடு இல்லை.

ஆகவே பவர் பத்திரத்தை மட்டும் நம்பியிருப்பது போதாது. சொத்து மிகுதியாக உள்ள குடும்பங்கள் 1882 ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ், பெற்றோர் தெளிவுடன் இருக்கும்போதே தனியார் அறக்கட்டளை நிறுவுவதுண்டு. அது தகுமா என்பதை வழக்கறிஞரைக் கலந்து முடிவு செய்ய வேண்டும்.

இடைநிலை: பிடுங்காமல் தாங்குதல்

நோய் முதிர முதிர, கேட்ட கேள்வியையே கேட்பதும், நாளும் பொழுதும் குழம்புவதும், உடனிருப்போர்மேல் ஐயுறுவதும் தோன்றும். குடும்பங்களை மிகவும் புண்படுத்துவது இந்நிலையில் எழும் ஒரு குற்றச்சாட்டு: “என் பணத்தைத் திருடிவிட்டாய்.” பெரும்பாலும் இச்சொல் யார்மேல் விழுகிறது? இரவும் பகலும் உடனிருந்து குளிப்பாட்டி ஊட்டும் மகள்மேல், மருமகள்மேல், அல்லது வாழ்க்கைத்துணைமேல். வைத்த இடம் மறந்துபோன மூளை, காணாமற்போனதற்கு ஒரு காரணத்தைத் தானே கட்டிக்கொள்கிறது. அது நோயின் பேச்சு. வாதிட்டு வெல்வதில் பயனில்லை. “வாருங்கள், இருவரும் தேடுவோம்” என்று கூடவே நடப்பதே தக்க மறுமொழி.

ஆனால் வெளியூரில் இருக்கும் உடன்பிறந்தார் தொலைபேசியில் இதே சொல்லைக் கேட்கும்போது அதை நம்பிவிடுவதுண்டு. இதனைத் தடுக்க எளிய வழி, மாதந்தோறும் ஒரு தாளில் வரவும் செலவும் எழுதி எல்லாப் பிள்ளைகளுக்கும் அனுப்புவது. மருந்துக் கடை இரசீதும் பணிப்பெண்ணின் ஊதியமும் அதில் இருக்கட்டும். கணக்குக் கேட்பது அவமதிப்பன்று. கணக்குக் காட்டுவது பராமரிப்பவருக்கே கவசம்.

பெற்றோரின் கையிலிருந்து எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்கிவிடுவதும் தவறு. ஊதியம் வாங்கிக் குடும்பம் நடத்தியவருக்குச் சட்டைப் பையில் பணம் இருப்பது வெறும் பணமன்று. எங்கள் அனுபவத்தில் நன்கு பயன்படும் ஏற்பாடு ஒன்று உண்டு. பெருந்தொகையும் ஓய்வூதியமும் கூட்டுக் கணக்கில் இருக்க, சிறு தொகை மட்டும் உள்ள தனிக் கணக்கொன்றைப் பெற்றோர் பெயரில் வைப்பது. அந்தக் கணக்குப் புத்தகத்தை அவர் வைத்துக்கொள்ளலாம், கிளைக்கு வரலாம், காய்கறிக்கும் கோயில் உண்டியலுக்கும் எடுக்கலாம். தவறு நேர்ந்தாலும் இழப்பு சிறிதாகவே இருக்கும்.

அத்துடன், அட்டையின் பரிவர்த்தனை வரம்பைக் குறைத்தல், தேவையற்ற இணையவழிப் பயன்பாட்டை நிறுத்திவைத்தல், கூட்டுக் கணக்காளரின் கைப்பேசிக்கும் குறுஞ்செய்தி வருமாறு செய்தல் ஆகியவை தக்க காப்புகள். காவல் அதிகாரி என்றும் வங்கி அதிகாரி என்றும் சொல்லி மிரட்டும் மோசடிக்காரர்களுக்கு மறதியுற்ற முதியவர் எளிய இலக்கு. பணம் பறிபோனதாகத் தெரிந்தால் ஒரு நாழிகையும் தாழ்த்தாமல் 1930 என்னும் எண்ணுக்கும் கிளைக்கும் தெரிவிக்க வேண்டும். அப்போது பெற்றோரைக் கடிந்துகொண்டால், அடுத்த முறை அவர் நம்மிடம் சொல்லாமலே மறைத்துவிடுவார்.

இறுதி நிலை: சட்டத்தின் துணை

பிற்காலத்தில் கையெழுத்து என்பதே இயலாததாகிறது. இங்கே ஒரு வேறுபாட்டை உணர வேண்டும். உடல் நலிந்து கையெழுத்திட இயலாதவர் இரு சாட்சிகளின் முன்னிலையில் கைரேகை இட்டுப் பணம் பெற விதிகள் இடந்தருகின்றன. சாட்சிகளுள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருத்தல் வேண்டும். ஆனால் அந்த ஏற்பாடு, தாம் செய்வது இன்னது என்று அறிந்தவருக்கே உரியது. நினைவற்றவரின் விரலைப் பிடித்து மையில் தோய்ப்பது அந்த விதியின் கருத்தன்று. ஊழியர் மறுக்கும்போது குடும்பத்தார் சினங்கொள்வது இயல்பே. எனினும், அதே விதிதான் கயவர் எவரேனும் அவ்விரலைப் பிடிக்காதவாறு காக்கிறது.

அந்நிலையில் பாதுகாவலர் நியமனம் ஒன்றே வழி. 1999 ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு உரியது. முதுமையில் வரும் மறதி நோய்க்கு அது பொதுவாகப் பொருந்தாது. 2017 ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொத்தைக் கவனிக்கும் பாதுகாவலர் பற்றி ஏதும் கூறவில்லை. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 14 ஆம் பிரிவு, மாவட்ட நீதிமன்றமோ அரசு அறிவித்த அதிகாரியோ வரம்புக்குட்பட்ட பாதுகாவலரை நியமிக்க வழிசெய்கிறது. உயர் நீதிமன்றங்கள் அரசமைப்புச் சட்டத்தின் 226 ஆம் உறுப்பின்கீழ் இத்தகைய நியமனங்களைச் செய்துவருகின்றன. நினைவிழந்து கிடப்போரின் பாதுகாவலர் குறித்துக் கேரள உயர் நீதிமன்றம் 2019 ஆம் ஆண்டில் வழிமுறைகளை வகுத்தது. இவ்வழிகள் அனைத்தும் காலத்தையும் செலவையும் கோருபவை. மருத்துவமனைச் செலவுக்குத் தந்தையின் வைப்புத்தொகை இருந்தும் அதைத் தொட இயலாமல் பிள்ளைகள் கடன் வாங்கும் நிலை இதனாலேயே நேர்கிறது.

ஓய்வூதியத்துக்குரிய வாழ்வுச் சான்றிதழை ஆண்டுதோறும் நவம்பரில் அளிக்க வேண்டும். 80 வயதைக் கடந்த மத்திய அரசு ஓய்வூதியர் அக்டோபர் 1 முதலே அளிக்கலாம். ‘ஜீவன் பிரமாண்’ முறையில் கைப்பேசியில் முகத்தைப் பதிவுசெய்தே வீட்டிலிருந்து அனுப்ப முடியும். 70 வயதைக் கடந்தோருக்கு இல்லம் தேடிச் சேவை வழங்குமாறு ரிசர்வ் வங்கி 2017 ஆம் ஆண்டில் வங்கிகளை அறிவுறுத்தியுள்ளது. படுக்கையில் இருப்பவரைத் தூக்கிவர முயல்வதற்கு முன் கிளையை ஒருமுறை கேளுங்கள்.

பராமரிப்பவரை மறவாதீர்

பெற்றோர் கண்முன்னே சிறிது சிறிதாக விலகிச் செல்வதைப் பார்த்துக்கொண்டே பணிவிடை செய்வது கடும் துயரம். அவர் உயிருடன் இருக்கையில் அழுவதா என்று மனம் தயங்கும். அழாமலும் இருக்க இயலாது. உடன்பிறந்தார் பணம் அனுப்புவதோடு நில்லாமல், ஆண்டில் சில வாரங்களேனும் வந்து பொறுப்பை ஏற்றுக்கொள்ள வேண்டும். 1992 ஆம் ஆண்டில் கேரளத்தில் தொடங்கிய இந்திய அல்சைமர் மற்றும் தொடர்புடைய நோய்கள் சங்கம் பல நகரங்களில் குடும்பங்களுக்கு வழிகாட்டி வருகிறது. முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. மனநல ஆலோசனைக்கான ‘டெலி மானஸ்’ எண் 14416.

தொடக்கத்தில் கண்ட தலைமையாசிரியரிடம் திரும்புவோம். அத்தகைய ஒருவரின் குடும்பம் அந்த மாதமே கிளைக்கு வருமாயின், செய்யக் கூடியவை பல உள்ளன. மருத்துவரைக் கண்டு, பட்டியலை எழுதி, கூட்டுக் கணக்கும் நியமனமும் உயிலும் முடித்துவிடலாம். அவர் கையெழுத்து ஒவ்வொன்றும் அவர் அறிந்து இட்டதாக இருக்கும். இரண்டு ஆண்டுகள் கழித்து வந்தால், அதே மேசையில் நாங்கள் சொல்லக் கூடியது நீதிமன்றத்தின் முகவரி மட்டுமே.

எனவே நோய் இல்லாத வீட்டிலும் இப்பேச்சைத் தொடங்கலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெற்றோருடன் அமர்ந்து, “அப்பா, எது எது எங்கே இருக்கிறதென்று எங்களுக்குச் சொல்லித் தாருங்கள்” என்று கேளுங்கள். நம்மில் நடுவயதைக் கடந்தோர் தம் பிள்ளைகள் கேட்குமுன் தாமே சொல்லித் தருவதும் நன்று. படிவங்களுக்கும் ஐயங்களுக்கும் அருகிலுள்ள கிளையை அணுகலாம். பெற்றோரையும் உடன் அழைத்து வாருங்கள். அவர்களே பேசட்டும், நாங்கள் பொறுமையாகக் கேட்போம்.